கல்லுக்கு மேலே செங்கல்: தமிழகக் கோயில் கட்டுமானத்தில் பொருள்களின் பங்கீடு

தமிழகக் கோயில் கட்டடக்கலையின் வரலாறு பெரும்பாலும் ஒரே திசையில் செல்லும் கதையாகவே சொல்லப்பட்டு வருகிறது. முதலில் மண்ணும் மரமும் செங்கல்லும். ஏழாம் நூற்றாண்டில் குடைவரை. அடுத்து மாமல்லபுரத்து ஒற்றைக்கல் தளிகள். எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராஜசிம்மனின் கற்றளிகள். 1010இல் தஞ்சையில் அதன் உச்சம். இந்தக் கதைக்கு முதல் வரி எழுதியவன் முதலாம் மகேந்திரவர்மனே. விழுப்புரம் மாவட்டத்து மண்டகப்பட்டுக் குடைவரையிலுள்ள அவனது வடமொழிக் கல்வெட்டு, செங்கல், மரம், உலோகம், சுதை ஆகிய எதுவும் இல்லாமல் மும்மூர்த்திகளுக்கு இக்கோயிலை எடுத்ததாகப் பெருமை பேசுகிறது. அரசனின் அந்தப் பெருமிதத்தை வரலாற்று விதியாக எடுத்துக்கொண்டதால்தான், அழியும் பொருளிலிருந்து அழியாப் பொருளுக்கு முன்னேற்றம் என்ற வாய்பாடு நம் பாடநூல்களில் ஊன்றிவிட்டது. இந்த வாய்பாடு சான்றுகளோடு பொருந்தவில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம். செங்கல்லும் சுண்ணாம்பும் கருங்கல்லிடம் தோற்று விலகியவை அல்ல. கட்டடத்தின் எந்த உறுப்பு எவ்வளவு காலம் மாறாமல் நிற்க வேண்டும், எந்த உறுப்பை அவ்வப்போது புதுப்பிக்க முடிய வேண்டும் என்று பிரித்துப் பார்த்து, அதற்கேற்பப் பொருள்கள் பங்கிடப்பட்டன.

மண்டகப்பட்டுக் கல்வெட்டையே முதலில் எடுத்துக்கொள்வோம். இன்னின்னவை இல்லாமல் கட்டினேன் என்று ஒருவன் சொல்ல வேண்டியிருக்கிறதென்றால், அவை இல்லாமல் கட்டுவது அன்று வழக்கமில்லை என்றாகிறது. அது விதிவிலக்கைப் பதிவு செய்கிறது. வழக்கம் மாறிவிட்டதாக அதில் எங்கும் இல்லை. சிற்ப நூல்களும் கலப்பைக் குறையாகக் கருதவில்லை. ஒரே பொருளால் ஆன கட்டடத்தைச் சுத்தம் என்றும், இரண்டால் ஆனதை மிச்ரம் என்றும், பலவற்றால் ஆனதைச் சங்கீர்ணம் என்றும் மயமதம் வகைப்படுத்துகிறது. பல்லவர் காலத்து உத்திரமேரூர்ச் சுந்தரவரதப் பெருமாள் கோயிலின் விமானம் செங்கல்லால் ஆனது. கற்றளி அறிமுகமான பின்னும் செங்கல் கைவிடப்படவில்லை என்பதற்கு அதுவே போதும். ஆனால் பழைய கதைக்குச் சாதகமான வலுவான சான்று ஒன்று உண்டு. அதைத் தாண்டிச் செல்ல முடியாது. பத்தாம் நூற்றாண்டில் செம்பியன் மாதேவி காவிரிக்கரையின் செங்கல் தளிகள் பலவற்றைக் கல்லால் மாற்றிக் கட்டினார். திருநல்லம் என்னும் கோனேரிராஜபுரம் அவற்றுள் ஒன்று. இது கல்லின் வெற்றி அல்லாமல் வேறென்ன என்று கேட்கலாம்.

விடைக்கான குறிப்பு அவரது பணியிலேயே கிடைக்கிறது. திருக்கோடிகாவலில் கோயிலைக் கல்லால் எடுத்தபோது, முந்தைய கல்வெட்டுகள் புதிய சுவர்களில் படியெடுத்து வெட்டப்பட்டன. நிலக்கொடை, விளக்குக்கு விட்ட ஆடு, சபையின் முடிவு ஆகிய எல்லாவற்றுக்கும் கோயிலின் அதிட்டானமும் சுவருமே பத்திரப் பதிவேடு. அந்தப் பரப்பு மாறக்கூடாது. பூச்சு உதிர்ந்தால் போய்விடுகிற எழுத்தை எவரும் சாசனமாக ஏற்கமாட்டார்கள். சோழநாட்டுக் கோயில்களில் கல் உறுதியாக வேரூன்றிய இடம் தரைமட்டத்திலிருந்து கூரைவிளிம்பு வரையிலான பகுதி என்பதும், கல்வெட்டுகள் ஏறத்தாழ அந்தப் பகுதிக்குள்ளேயே நிற்கின்றன என்பதும் தற்செயலாகத் தோன்றவில்லை. கட்டுமானத் தேவையோடு சட்டத் தேவையும் சேர்ந்தே அங்கே கல்லை வேண்டியிருக்கிறது. கலை வரலாற்றாசிரியர்கள் கல்வெட்டைப் படித்துவிட்டு, அது வெட்டப்பட்ட பொருளைப் பார்க்காமல் நகர்ந்துவிடுவது நம் துறையின் பழைய வழக்கம்.

இனித் தஞ்சைக்கு வருவோம். சுமார் 60 மீட்டர் உயர விமானத்தை அடி முதல் சிகரம் வரை கருங்கல்லால் அடுக்கத் தெரிந்த அதே காலத்துப் பணியாளர்கள், அதே வளாகத்தின் கேரளாந்தகன் திருவாயிலையும் இராஜராஜன் திருவாயிலையும் கீழே கல்லும் மேலே செங்கல்லுமாக எழுப்பினார்கள். அவற்றில் இன்று தெரியும் சுதை உருவங்கள் பிற்காலத்தவை. ஆயினும் கல்லடித்தளத்தின் மீது செங்கல் நிலைகள் என்ற அமைப்பு விளங்குகிறது. அறியாமையும் வசதிக் குறைவும் இங்கே விளக்கமாகா. பின்வந்த நூற்றாண்டுகள் இதையே பொதுவிதியாக்கின. சிதம்பரத்தின் நான்கு கோபுரங்களும், 1559இல் முடிந்த மதுரைத் தெற்குக் கோபுரமும் இவ்வகையின. முழுக் கல்விமானம் என்பது தஞ்சை, கங்கைகொண்டசோழபுரம் போன்ற அரச முயற்சிகளின் சாதனை. நீடித்தது கலப்பு முறை. இந்தப் போக்கைச் சோழர்களுக்குப் பிந்தைய வீழ்ச்சி என்று எழுதுபவர்கள், முடிவை முன்பே வைத்துக்கொண்டு சான்றைத் தேடுகிறார்கள்.

பங்கீட்டின் பொறியியல் காரணங்கள் எளியவை. கருங்கல் அழுத்தத்தைத் தாங்கும், வளைவைத் தாங்காது. வாயிலின் மேலே கிடக்கும் கல் உத்திரத்தின் மேல் எவ்வளவு எடை ஏறுகிறது என்பது கோபுரம் கட்டுபவனின் முதற்கவலை. ஒரு கனமீட்டர் கருங்கல் சுமார் 2,650 கிலோ எடை. செங்கல் கட்டு சுமார் 1,900 கிலோ. மேல்நிலைகள் உள்ளே வெற்றிடமாக விடப்பட்டு, மர உத்திரங்களால் தளங்கள் இடப்படும்போது சுமை இன்னும் குறைகிறது. தரையின் ஈரம் ஏறுகிற அடிப்பகுதியில் கல்; மழையும் வெயிலும் மாறி மாறி அடிக்கிற மேற்பகுதியில் சிறிய செங்கற்களும் அவற்றுக்கிடையே நெகிழ்ந்து கொடுக்கும் சுண்ணாம்புக் காரையும். ஒரு செங்கல்லைப் பெயர்த்து வேறொன்றை வைக்க ஒரு கொத்தனாரும் ஒரு சித்தாளும் போதும். உயரத்தில் விரிசல்விட்ட கல் உத்திரத்தை மாற்றுவது சாரமும் சகடையும் பெருங்கூட்டமும் கேட்கிற வேலை.

சுண்ணாம்பைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். சுண்ணாம்புக்கல்லோ கிளிஞ்சலோ சூளையில் 900 பாகை அளவில் வேகும்போது கரியமிலவாயு வெளியேறுகிறது. நீற்றிய சுண்ணாம்பு பூசப்பட்ட பின் அதே வாயுவைக் காற்றிலிருந்து மெல்ல உறிஞ்சி மறுபடி கல்லாகிறது. இது மாதங்களும் ஆண்டுகளும் நீளும் வினை. நுண்ணிய விரிசல் ஏற்பட்டால், மழைநீர் கரைத்த சுண்ணாம்பு அதற்குள் படிந்து ஓரளவு தானே அடைபடவும் செய்யும். கடுக்காய்நீரும் வெல்லமும் சேர்க்கும் வழக்கத்தைப் பத்திரிகைகள் இரகசிய மருந்து போல எழுதுகின்றன. வெல்லத்திலுள்ள சர்க்கரை சுண்ணாம்பு நீரில் கூடுதலாகக் கரைய உதவுகிறது, கடுக்காயில் துவர்ப்புச் சத்து மிகுதி, பயன் உண்டு. ஆனால் காரையின் தரத்தைத் தீர்மானிப்பவை முதன்மையாக நீற்றிய சுண்ணாம்பைப் புளிக்கவிடும் காலம், அரைக்கும் உழைப்பு, பூசியபின் ஈரம் காக்கும் பொறுமை ஆகியவையே. கூலியைக் குறைக்க நினைப்பவர்கள் வெல்லத்தை விட்டுவிடுவதில்லை, அரைப்பதைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

செலவுதான் உண்மைக் காரணம், மற்றவை பின்னால் கற்பித்தவை என்று ஒரு மறுப்பு எழலாம். காவிரி வண்டலில் கருங்கல் இல்லை. செங்கல்லுக்கு மண் காலடியிலேயே இருக்கிறது. இதில் பாதி உண்மை. எவ்வளவு செங்கல் என்பதைச் செலவு விளக்கும், எந்த இடத்தில் என்பதை விளக்காது. சிக்கனம் மட்டுமே நோக்கமாக இருந்தால் யார் கண்ணிலும் படாத உட்சுவர்களிலும் பின்புறத்திலும் செங்கல் கலந்திருக்க வேண்டும். கருங்கல் எளிதில் கிடைக்கும் ஊர்களிலாவது மேல்நிலைகள் கல்லாக இருந்திருக்க வேண்டும். மலையடிவாரத் திருவண்ணாமலையின் கிழக்கு இராஜகோபுரமும் கீழே கல், மேலே செங்கல்தான்.

அடுத்த மறுப்பு கடுமையானது: செங்கல் கோபுரம் விழுகிறதே. கிருஷ்ணதேவராயர் 1516இல் எழுப்பிய காளத்தி இராஜகோபுரம் 2010 மே மாதம் சரிந்தது. இங்கே நினைவில் கொள்ள வேண்டியவை இரண்டு. அது ஏறத்தாழ 500 ஆண்டுகள் நின்றது. விழுவதற்கு முன்பே விரிசல்கள் வெளியே தெரிந்தன. பராமரிப்பைக் கோரும் பொருளில் கட்டப்பட்ட கட்டடம் பராமரிக்கப்படாவிட்டால் விழும் என்பது என் வாதத்துக்கு எதிரானதல்ல; ஆனால் அதன் எல்லையைக் காட்டுகிறது. 12 ஆண்டுக்கு ஒருமுறை குடமுழுக்கு என்ற மரபு, இணைப்புகளில் முளைத்த அரசையும் ஆலையும் களையவும், உதிர்ந்த சுதையைச் சீராக்கவும் ஒரு சமூகத்தைக் கட்டாயப்படுத்தியது. அந்தக் கட்டாயம் தளர்ந்த இடத்தில் பொருளின் பலவீனம் மட்டுமே மிஞ்சும்.

வரலாற்றாய்வாளரின் மறுப்புக்கு என்னிடம் முழு விடை இல்லை. புதுப்பித்தல் என்ற பெயரில் சோழர்காலச் சுதையும் நாயக்கர்கால வண்ணமும் அழிந்திருக்கின்றன. கோபுர மேல்நிலைகளை அவற்றின் உருவங்களைக் கொண்டு காலம் கணிக்க முடிவதில்லை. மாறவே கூடாத அடித்தளத்தில்கூட மணல்வீச்சு முறையால் கல்வெட்டு எழுத்துகளைத் தேய்த்த திருப்பணிகள் உண்டு. இவை பங்கீட்டை மதித்த செயல்கள் அல்ல, மீறியவை. கல்லில் நிலைப்பும் சுதையில் மாற்றமும் என்ற முறையில், கல்லைத் தொடாமல் விடுவதும் ஓர் உறுப்பே.

சிமெண்ட் இந்தப் பங்கீட்டை வேறு வழியில் குலைத்தது. இந்தியாவில் சிமெண்ட் செய்யும் முதல் முயற்சிகளில் ஒன்று 1904இல் சென்னையிலேயே நடந்தது என்பது ஒரு வேடிக்கை. அது வலிமையானது என்பதில் ஐயமில்லை. சிக்கல் வலிமையில்தான் இருக்கிறது. பழைய செங்கல்லைவிட இறுகிய பூச்சு ஈரத்தை உள்ளே அடைக்கிறது; உப்பு பூச்சின் பின்புறம் படிகமாகிச் செங்கல்லின் முகத்தை உதிர்க்கிறது; வெப்பத்தில் விரிந்து சுருங்கும்போது பூச்சு தனியாகவும் கட்டு தனியாகவும் இழுக்கின்றன. 1964ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனம், மரபு முறைகள் போதாதபோது சோதித்தறிந்த நவீன முறைகளைக் கையாளலாம் என்று இடம் தருகிறது. கோபுர மேல்நிலைகளைப் பொறுத்தவரை அந்தப் போதாமையை நிறுவ வேண்டியவர்கள் சிமெண்டைப் பரிந்துரைப்பவர்கள். சுண்ணாம்புப் பூச்சைச் சுரண்டி எடுத்தால் செங்கல் மிஞ்சும். சிமெண்ட் பூச்சைக் கொத்தி எடுக்கும்போது செங்கல்லின் முகமும் சேர்ந்து பெயர்கிறது, அடுத்த குடமுழுக்கின்போது பூசுவதற்கு அடித்தளப் பரப்பே இருப்பதில்லை.