சீனர் மண மரபுகள்: சடங்கும் பொருளும்

ஓர் இனத்தார் எவற்றைப் பெரிதென மதிக்கின்றனர் என்பதை அறிய, அவர்தம் மணவீட்டினுள் நுழைந்து பார்த்தலே போதும். சீனரின் மண மரபுகளைக் காணும்போது இவ்வுண்மை நமக்கு நன்கு விளங்குகிறது.

சீன மொழியில் திருமணத்தைக் குறிக்கும் 'ஹுன்' என்னும் எழுத்தில் 'பெண்', 'அந்தி' என்னும் இரண்டும் இணைந்துள்ளன. பண்டைச் சீனர் அந்திப் பொழுதிலேயே மணமகளை அழைத்து வந்தனர். பகல் இரவோடு கலக்கும் அவ்வேளையில் 'யாங்' என்னும் ஆண்மை ஆற்றலும் 'யின்' என்னும் பெண்மை ஆற்றலும் கூடுகின்றன என்பது அவர்கள் கருத்து.

ஈராயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட 'யீலி', 'லீஜி' ஆகிய சடங்கு நூல்கள் திருமணத்தை ஆறு படிகளாக வகுக்கின்றன. பெண் கேட்டல், பெயர் வினவுதல், நிமித்தம் பார்த்து நற்செய்தி அறிவித்தல், பட்டு முதலிய பரிசம் அனுப்புதல், நாள் குறித்தல், மணமகன் நேரிற் சென்று அழைத்து வருதல் என்பன அவை. பரிசம் அனுப்புவது ஒழிந்த ஏனைய ஐந்திலும் காட்டு வாத்து ஒன்று காணிக்கையாக வழங்கப்பட்டது. பருவந்தோறும் தவறாது சென்று மீளும் அப்பறவை, பிறழாத ஒழுங்கின் அடையாளம். பிற்காலத்தில் இருவரின் பிறந்த ஆண்டு, திங்கள், நாள், வேளை ஆகியவற்றை எட்டு எழுத்துகளாக எழுதிப் பொருத்தம் பார்த்தனர். நம் வீட்டுச் சாதகப் பொருத்தம் இங்கு நினைவுக்கு வருகிறதன்றோ!

மணவறையில் ஒரே சுரைக்காயை இரண்டாகப் பிளந்த கிண்ணங்களில் மணமக்கள் மது அருந்தினர். பிளந்தவை கூடினாலன்றி முழுமை இல்லை என்பது அதன் பொருள். தேயிலைச் செடி, வேரோடு பெயர்த்து வேற்றிடத்தில் நட்டால் பிழைக்காது என நம்பினர். ஆதலின் தேநீர், மாறாத உறுதியைக் குறித்தது. இன்றும் மணமக்கள் பெரியோர்க்குத் தேநீர் அளித்து வணங்குகின்றனர். பேரீச்சை போன்ற சீன இலந்தைக் கனியை மணப்படுக்கையில் இடுவர். அதன் பெயரும் 'விரைவில்' என்னும் சொல்லும் ஒரே ஒலியுடையன. விரைவில் மகப்பேறு வாய்க்க என்பது வாழ்த்து.

இவற்றுள் நம் நெஞ்சைத் தொடுவது ஒன்று. மகளை அனுப்பிய வீட்டில் மூன்று இரவுகள் விளக்கை அணைப்பதில்லை என்கிறது லீஜி. பிரிவை எண்ணி உறங்காதிருக்கும் பெற்றோரின் துயரே அவ்விளக்கு.

எனினும் ஒரு குறை உண்டு. நிமித்தம் கேட்டது முன்னோரிடம், பேசியது தரகர், முடிவு செய்தவர் பெற்றோர். பெண்ணின் விருப்பத்தை வினவ ஆறு படிகளில் ஒரு படியும் இல்லை. 1919 நவம்பர் 14ஆம் நாள் சாங்ஷா நகரில், விரும்பாத மணத்திற்கு அழைத்துச் செல்லப்பட்ட ஜாவ் குடும்பத்துப் பெண் ஒருத்தி, மணப் பல்லக்கினுள்ளேயே தன் உயிரை மாய்த்துக்கொண்டாள். அப்போது அந்நகரில் இளைஞராயிருந்த மா சே துங், அவளைக் கொன்றது சமுதாயமே என்று செய்தித்தாளில் தொடர்ந்து எழுதினார். 1950 மே முதல் நாள் நடைமுறைக்கு வந்த திருமணச் சட்டம், கட்டாய மணத்தை விலக்கி, இருவரின் முழு விருப்பத்தையும் இன்றியமையாததாக்கியது.

சட்டம் வந்தபின் சடங்குகள் யாவும் அழிந்துவிடவில்லை. செந்நிறம் நின்றது, தேநீர் நின்றது, மணமான மூன்றாம் நாள் பிறந்தகம் செல்லும் வழக்கமும், நம் மறுவீடு போல, பல இடங்களில் நின்றது.

பிறந்த மண்ணைவிட்டு வந்து வாழும் நாமும் மரபுகளைப் பேணவே விழைகிறோம். பிறமொழி நகரங்களில் வளரும் நம் பிள்ளைகள், "இச்சடங்கு எதற்கு?" என்று கேட்கும்போது பொருள் சொல்லக் கடமைப்பட்டுள்ளோம். அதற்குமுன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று நம்மிடமும் உண்டு: "மகளே, இம்மணம் உனக்கு விருப்பந்தானா?" அவள் விடையைக் கேட்டபின் ஏற்றும் விளக்கே மங்கல விளக்கு.