ஆப் 'கீழாநெல்லி' என்றால் நம்பலாமா?

ஹெப்பகோடியில் உங்க ரூமுக்குப் பக்கத்துக் காலி மனையில் கீழாநெல்லி மாதிரி ஒரு செடி. படம் எடுத்து ஐநேச்சுரலிஸ்ட் ஆப்பில் போட்டால் அது ஒரு பெயரைச் சொல்லும். அது கணினியின் ஊகம்தான். படம், தேதி, இடம் இருந்து, பெயர் சொன்னவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒத்துப்போனால் 'ஆய்வுத் தரம்' கிடைக்கும். நீங்களும் இன்னொருவரும் போதும். அந்த இன்னொருவர் சரிபார்க்காமலே 'ஆமாம்' என்று அழுத்தினால்?

பெயர் குழம்புவது புதிதல்ல. நம் கீழாநெல்லியைப் பல நூல்கள் 'ஃபில்லாந்தஸ் நிருரி' என்றே எழுதின. நிருரி அமெரிக்கக் கண்டத்துச் செடி. இங்கே பரவலாக முளைப்பது ஃபில்லாந்தஸ் அமாரஸ். சென்னை ஆய்வாளர்கள் ஹெபடைட்டிஸ் பி தொற்று உள்ளவர்களுக்குக் கொடுத்துப் பார்த்து, 1988-இல் 'லான்செட்' இதழில் எழுதியதும் அமாரஸ் பற்றித்தான். பிறகு வேறு இடங்களில் அந்தப் பலன் கிடைக்காதபோது, சோதித்தது ஒரே செடியைத்தானா என்ற கேள்வியும் எழுந்தது.

அதனால் இலையை மட்டும் எடுக்காதீங்க. கிளையைத் திருப்பி, அடியில் இருக்கும் பூவையும் காயையும் கிட்டத்தில் எடுங்க. அமாரஸ் பூவில் பொதுவாக 5 இதழ், காய் வழவழப்பு. அதன் உறவான யூரினேரியாவில் 6 இதழ், காய் சொரசொரப்பு. காய் தெரியலையா? 'ஃபில்லாந்தஸ்' என்ற பேரினத்தோடு நிறுத்திக்கலாம், அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. ஆனா ஆப் சொன்ன பெயரை நம்பி அரைத்து மட்டும் குடிச்சிடாதீங்க.