இரண்டு இருந்தும் ஒன்றுதான்

2015 டிசம்பர் 2ஆம் தேதி காலையைச் சென்னைவாசிகள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். முந்தைய நாள் தாம்பரத்தில் மட்டும் 49 சென்டிமீட்டர் மழை. அடையாறு கரை புரண்டு ஓடியது. அன்று ‘தி இந்து’ நாளிதழ் சென்னையில் வரவில்லை. 1878இல் தொடங்கிய பத்திரிகைக்கு அப்படி ஒரு நாள் வந்தது அதுவே முதல் முறை. செய்தி இருந்தது, எழுத ஆளும் இருந்தது. மறைமலை நகர் அச்சகத்துக்கு ஊழியர்கள் போய்ச் சேர வழிதான் இல்லை.

அதே நாளில் எங்கள் கம்பெனியின் மின்னஞ்சலும் நின்றது. சென்னையில் தலைமை அலுவலகம். கோவை, மதுரை, திருச்சி, தூத்துக்குடியில் கிளைகள். மெயில் சர்வர்கள் இரண்டு வைத்திருந்தோம். ஒன்று படுத்தால் இன்னொன்று எழும் என்று திட்டம் எழுதிக் கையெழுத்துப் போட்டவன் நான்தான். இரண்டும் ஈக்காட்டுத்தாங்கல் பக்கம் ஒரே கட்டடத்தில், ஒன்று இரண்டாம் மாடியிலும் மற்றது மூன்றாம் மாடியிலும் இருந்தன. இரண்டின் மேலும் ஒரு சொட்டுத் தண்ணீர் படவில்லை. ஆனால் இரண்டுக்கும் மின்சாரம் கொடுக்க வேண்டிய ஜெனரேட்டர் தரைக்குக் கீழே இருந்தது. அது மூழ்கியது. யு.பி.எஸ். இரண்டு மணி நேரம் தாங்கியது. அதற்குப் பிறகு மண் குதிரையை நம்பி ஆற்றில் இறங்கிய கதைதான்.

இந்தத் தப்பு எங்களுக்கு மட்டும் உரியதல்ல என்பதைப் பிறகு சரித்திரம் படித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

கடலடித் தந்திக் கேபிள்கள் வந்தபோதே இந்தப் பிரச்சினையும் வந்துவிட்டது. உலகெங்கும் கிளை வைத்திருந்த பிரிட்டிஷ் சாம்ராஜ்யம் இதற்காகவே நிறையப் பணத்தைக் கடலில் கொட்டியது. 1902இல் பசிபிக் கேபிள் முடிந்தபோது லண்டனிலிருந்து ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கு வழியாகவும் தந்தி போகும், மேற்கு வழியாகவும் போகும் என்றானது. வழியெல்லாம் தங்கள் ஆட்சிக்கு உட்பட்ட மண். ஒரு பக்கம் அறுந்தால் உலகத்தை மறுபக்கமாகச் சுற்றிக்கொண்டு போகலாம்.

ஜெர்மனியிடமும் கேபிள்கள் இருந்தன. ஆனால் அவற்றில் ஐந்து ஆங்கிலக் கால்வாய் வழியாகச் சென்றன. 1914 ஆகஸ்ட் 5 அதிகாலை, போர் அறிவித்த சில மணி நேரத்துக்குள் ‘அலர்ட்’ என்ற பிரிட்டிஷ் கேபிள் கப்பல் போய் ஐந்தையும் அறுத்துவிட்டது. ஐந்து கேபிளும் ஒரே வாய்க்காலில் கிடந்தால் அது ஒரே கேபிள்தான். அதன் பிறகு ஜெர்மனி வயர்லெஸ்ஸையும் பிறர் கேபிளையும் நம்ப வேண்டியதாயிற்று. அவையெல்லாம் ஒட்டுக்கேட்கக் கூடியவை. 1917இல் அமெரிக்காவைப் போருக்குள் இழுத்துவிட்ட சிம்மர்மன் தந்தி பிரிட்டிஷ்காரர் கையில் சிக்கியதும் அதனால்தான்.

நம்மூர் எம்டனையும் இங்கே சொல்ல வேண்டும். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னையில் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டுவிட்டுப் போன அதே கப்பல், நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவின் கேபிள் நிலையத்தை அழிக்க ஆட்களை இறக்கியது. அவர்கள் வயர்லெஸ் கம்பத்தைச் சாய்த்தார்கள், கேபிளையும் வெட்டினார்கள். ஆனால் வெட்டியதில் ஒன்று, ஏமாற்றுவதற்கென்றே போட்டு வைத்திருந்த போலிக் கேபிள்! கம்பம் விழுவதற்குள் நிலையத்தார் அபாயச் செய்தியையும் அனுப்பிவிட்டார்கள். அதைக் கேட்டு வந்த ‘சிட்னி’ போர்க்கப்பலோடு எம்டனின் கதை முடிந்தது. எதிரி வந்தால் என்ன செய்வது என்று அந்தச் சிறு தீவில் முன்கூட்டியே யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள்.

மின்னஞ்சலை வடிவமைத்தவர்களும் யோசித்தவர்களே. 1971இல் ரே டாம்லின்சன் ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குக் கடிதம் அனுப்பிக் காட்டினார். 1982இல் ஜான் போஸ்டல் எழுதிய எஸ்.எம்.டி.பி. விதிகள்தான் இன்றைக்கும் அஸ்திவாரம். பெறும் சர்வர் பேசவில்லை என்றால், அனுப்பும் சர்வர் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு மறுபடி மறுபடி வந்து கதவைத் தட்டும். நாலைந்து நாளாவது தட்டிப் பார்த்த பிறகே திருப்பி அனுப்ப வேண்டும் என்பது வழக்கம். 1986இல் எம்.எக்ஸ். பதிவு என்ற ஏற்பாடு வந்தது. ஒரு நிறுவனத்தின் பெயருக்கு எதிரே பல சர்வர்களை எண் போட்டு எழுதி வைக்கலாம்: முதலில் 10ஆம் எண்ணிடம் போ, அங்கே ஆள் இல்லையென்றால் 20ஆம் எண்ணிடம் கொடு. பூட்டியிருக்கும் வீட்டுக்கு வந்த தபாலைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போவது மாதிரி.

வெள்ளத்தில் எங்களைக் காப்பாற்றியது இந்தப் பொறுமைதான். நான்காம் நாள் மின்சாரம் வந்து சர்வர் எழுந்ததும், வெளியூர்க் கடிதங்கள் வரிசை கட்டி வந்து விழுந்தன. பொறுமை குறைவான சில சர்வர்கள் மட்டும் திருப்பி அனுப்பிவிட்டிருந்தன.

ஆனால் அந்த நாலு நாள் என்ன நடந்தது என்பதைச் சொல்ல வேண்டும். மதுரைக்காரர் கோவைக்காரருக்கு எழுதும் கடிதமும் சென்னை வழியாகவே போக வேண்டும். ஆகவே மழையே இல்லாத ஊர்களும் ஊமையாயின. அதைவிட மோசம், சென்னை ஊழியர்களின் வீட்டு முகவரி, தொலைபேசி எண்கள் எல்லாமே அந்த சர்வரில்தான் இருந்தன. முடிச்சூரிலும் கோட்டூர்புரத்திலும் இருந்த சகாக்கள் உயிரோடு இருக்கிறார்களா என்று கேட்கக்கூடக் கிளைகளிடம் எண் இல்லை. மதுரை அலுவலகத்தில் ஒரு மூத்த குமாஸ்தா. கம்ப்யூட்டர் வந்த பிறகும் பழைய டைரியில் எல்லோர் எண்ணையும் கையால் எழுதி வைத்திருப்பார். அதற்காக அவரை நாங்கள் கேலி செய்திருக்கிறோம். அந்த டைரியை வைத்து அவர் ஒவ்வொருவராக அழைத்து, லைன் கிடைத்தவர்கள் மூலம் கிடைக்காதவர்களைத் தேடி, மூன்றாம் நாள் மாலைக்குள் எல்லோரும் பத்திரம் என்று சொன்னார். இரண்டு சர்வர் போட்டவன் நான். மாற்று ஏற்பாடு வைத்திருந்தவர் அவர்.

எனக்கு எச்சரிக்கை வராமலும் இல்லை. 2008 ஜனவரி 30 அன்று எகிப்தின் அலெக்சாண்டிரியா அருகே இரண்டு கடலடிக் கேபிள்கள் ஒரே நாளில் அறுந்து, இந்தியாவின் இணையம் தள்ளாடியது. இரண்டும் வெவ்வேறு நிறுவனங்களுடையவை. கிடந்த இடம் ஒன்றே. அந்தச் செய்தியைக் காட்டித்தான் இரண்டாம் சர்வருக்கு நிர்வாகத்திடம் பணம் வாங்கினேன். கோவையில் வைக்கலாமா என்று யாரோ கேட்டார்கள். லைன் வாடகை அதிகம், பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று மறுத்து, மேல் மாடியே போதும் என்றவன் நான். செய்தியைப் படித்தேன், பாடத்தைப் படிக்கவில்லை.

2016இல் இரண்டாம் சர்வர் கோவைக்குப் போனது. அப்போதுதான் மூன்று விஷயங்கள் விளங்கின. முதலாவது, பக்கத்து வீடு தபாலை வாங்கி வைக்கும், அவ்வளவுதான். பழைய கடிதங்களைப் படிக்கவும் பதில் எழுதவும் வேண்டுமானால் அஞ்சல் பெட்டிகளின் நகலே அங்கே இருக்க வேண்டும். இரண்டாவது, நகல் வேறு, காப்பு வேறு. இங்கே தவறி அழித்தால் நகலிலும் அடுத்த நொடியே அழிந்துவிடும். ஆகவே தனியாக பேக்கப் எடுத்தே ஆக வேண்டும். மூன்றாவது, திருடன் கொல்லைப்புறக் கதவைத்தான் தேடுவான். மாற்று சர்வரில் காவல் குறைவாக இருக்கும் என்று குப்பை அஞ்சல் அனுப்புகிறவர்கள் நேரே 20ஆம் எண்ணுக்கே வந்தார்கள். இரண்டு வாசலுக்கும் ஒரே பூட்டுப் போட வேண்டியிருந்தது.

பிறகு ஒரு சனிக்கிழமை, வேண்டுமென்றே சென்னை சர்வரை அணைத்துப் பார்த்தோம். கோவை சர்வர் எழவில்லை. அதன் கடவுச்சொல் ஒரே ஒரு பையனுக்குத் தெரியும். அவன் அன்று தங்கை கல்யாணத்துக்குப் போயிருந்தான். இரண்டு ஊர், இரண்டு சர்வர், ஆள் மட்டும் ஒன்று! மூன்று மாதத்துக்கு ஒரு முறை அந்த ஒத்திகையை வைத்தோம். மூன்றாவது தடவைதான் சரியாக வந்தது.

இப்போது அந்தக் கம்பெனியின் அஞ்சலெல்லாம் வாடகை மேகத்தில் இருக்கிறது. சர்வர் அறையில் நாற்காலிகள் அடுக்கியிருக்கிறார்களாம். அடுத்த தடவை அங்கே போனால் ஒன்றுதான் கேட்பேன்: எல்லோருடைய தொலைபேசி எண்ணையும் காகிதத்தில் யார் எழுதி வைத்திருக்கிறீர்கள்?