தோட்டா நிரப்பும் மேசை வந்த கதை

துப்பாக்கி வெடித்ததும் தோட்டாவின் குண்டும் வெடிமருந்தும் அதைப் பற்றவைக்கும் பிரைமரும் தீர்ந்துவிடும். பித்தளைக் கூடு மட்டும் மிஞ்சும். விலையில் பெரும்பங்கு அந்தக் கூட்டுக்கே என்பதால், பித்தளைத் தோட்டா பரவிய காலத்திலேயே அதை மறுபடி நிரப்பும் வழக்கமும் அமெரிக்காவில் தொடங்கிவிட்டது. 1870களில் சமவெளிகளில் காட்டெருமை வேட்டையாடியவர்கள் ஈயத்தையும் மருந்தையும் வண்டியில் கொண்டுபோய், சுட்ட கூடுகளை முகாமிலேயே நிரப்பிக்கொண்டார்கள்.

இதற்கு வழிவிட்டது பிரைமரின் அமைப்பு. பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி எட்வர்ட் பாக்ஸர் 1860களில் வகுத்த முறையில், கூட்டின் அடியில் நடுவே ஒரே துளை. வாய்வழியாக ஊசியை இறக்கித் தட்டினால் பழைய பிரைமர் கழன்று விழும். அமெரிக்கரான ஹைரம் பெர்டனின் முறையில் துளைகள் நடுவை விட்டு விலகி இருப்பதால் அது எளிதல்ல. அமெரிக்கா பாக்ஸர் முறையையும் ஐரோப்பா பெர்டன் முறையையும் ஏற்றுக்கொண்டன. வீட்டிலேயே தோட்டா நிரப்பும் பழக்கம் அமெரிக்காவில் வேரூன்றியதில் அந்த ஒற்றைத் துளைக்குப் பெரும்பங்கு உண்டு.

1884இல் கனெக்டிகட் மாநிலத்தின் நியூ ஹேவனில் ஜான் பார்லோ ஐடியல் நிறுவனத்தைத் தொடங்கினார். அவருடைய கருவி பாக்குவெட்டி போல இரு கைப்பிடி கொண்டது. பிரைமரைக் கழற்றவும் புதியதைப் பொருத்தவும் குண்டைக் கூட்டின் வாயில் இறுக்கவும் அது ஒன்றே போதும். சில வகைகளில் குண்டு வார்க்கும் அச்சும் நுனியிலேயே இருந்தது. 1925இல் ஐடியல் கருவிகள் லைமன் நிறுவனத்தின் கைக்கு வந்தன. ஆனால் இந்தக் கருவிக்கு ஓர் எல்லை இருந்தது. சுடும்போது கூடு முழுவதும் விரிந்துவிடுகிறது. கைப்பிடியின் அழுத்தம் கழுத்தைச் சுருக்கத்தான் போதும். உடல் முழுவதையும் பழைய அளவுக்குக் கொண்டுவர நெம்புகோல் வேண்டும்.

1943இல், போர்க்காலத்தில் குண்டுகள் கிடைக்காதபோது, கலிபோர்னியாவின் ஓரோவில் நகரில் பிரெட் ஹண்டிங்டன் தந்தையின் சலவைக்கடைப் பின்னறையில் இருந்தபடி, சுட்டுப்போட்ட சிறு தோட்டாக்கூடுகளையே மேலுறையாக்கிக் குண்டு அழுத்தும் அச்சுகளை (டைகளை) செய்யத் தொடங்கினார். அதுவே பின்னாளில் ஆர்சிபிஎஸ் நிறுவனமாகி, நெம்புகோலால் அழுத்தும் கனமான பிரஸ்களைச் செய்தது. போர் முடிந்ததும் கன்சாஸில் புரூஸ் ஹாட்ஜ்டன் அரசின் உபரி மருந்தை வாங்கி மலிவாக விற்றார். வேட்டைக்காரர்களின் கராஜிலும் நிலவறையிலும் பிரஸ் இடம்பிடித்தது.

பிரஸ் வந்தபின் மேசை தவிர்க்க முடியாததாயிற்று. கைப்பிடியை அழுத்தும் ஒவ்வொரு முறையும் மேசை முன்பக்கம் சாயப் பார்க்கும். அதனால் தடித்த பலகை, குறுக்குச் சட்டங்கள், சுவரின் மரச்சட்டத்தில் முடுக்கிய போல்ட்டுகள் எல்லாம் வேண்டியிருந்தன. அமெரிக்க வீடுகள் பெரும்பாலும் மரச்சட்டத்தில் எழுந்தவை என்பது இதற்கு வசதி. பிரஸ் அசையும்போது மருந்து நிறுக்கும் தராசின் முள்ளும் ஆடியது. தராசு தனிப் பலகைக்கு, காற்றுப் படாத கண்மட்டத்துக்குப் போயிற்று. ஒரு நேரத்தில் ஒரே வகை மருந்துதான் மேசையில் இருக்கலாம் என்பது கண்டிப்பான விதி. டப்பா மாறினால் துப்பாக்கியே சிதறும். முதுகு வலிக்காத உயரமும் நல்ல வெளிச்சமும் வெறும் சொகுசு அல்ல. களைத்த கை ஒரே கூட்டில் இருமுறை மருந்து கொட்டிவிடும். மங்கிய வெளிச்சத்தில் அது கண்ணுக்கும் தெரியாது.

1958இல் விஸ்கான்சினில் ரிச்சர்ட் லீ மேசையே தேவைப்படாத மலிவான கருவியைக் கொண்டுவந்தார். சுத்தியலால் தட்டியே அதில் தோட்டா நிரப்பலாம். புதியவர்கள் பலர் அதில்தான் பழகினார்கள். நூற்றுக்கணக்கில் நிரப்புபவர்களோ இன்றும் சுவரோடு முடுக்கிய மேசையையே நம்புகிறார்கள்.