ஒரு குழுவின் பெயர் ஓர் இசையின் பெயரானது

1939 ஒக்டோபரில் ஒரு சனிக்கிழமை இரவு. அமெரிக்காவின் ரெனசி மாநிலத்து நாஷ்வில் நகரிலிருந்து ஒலிபரப்பாகும் 'கிறாண்ட் ஓல் ஒப்ரி' நிகழ்ச்சியிலே ஒரு புதிய குழு பாடியது. தென்மாநிலக் கமக்காரக் குடும்பங்கள் வானொலிப் பெட்டியைச் சுற்றியிருந்து கேட்கும் நிகழ்ச்சி அது. பாட்டு, ஜிம்மி றொட்ஜர்ஸ் இசைத்தட்டில் முன்னரே பாடிய பாட்டுத்தான். ஆனால் வேகமும் உச்சஸ்தாயிக் குரலும் புதியவை.

பாடியவர் பில் மன்றோ. அவர் பிறந்த கென்ரக்கியை 'நீலப்புல் மாநிலம்' என்று அழைப்பதுண்டு. அதனாலேயே தமது குழுவுக்குப் 'புளூ கிறாஸ் போய்ஸ்' என்று பெயரிட்டார். அப்பெயர் ஓர் இசை வகைக்கே பெயராகும் என்று அன்று அவர் எண்ணியிருக்க மாட்டார். எண்ணியிருந்தால் மகிழ்ந்திருப்பாரா என்பதும் ஐயமே.

1911 இல் றோஸீன் என்ற சிற்றூருக்கு அருகே, எட்டுப் பிள்ளைகளில் கடைக்குட்டியாகப் பிறந்தவர் மன்றோ. தமையன்மார் வயலினையும் கிற்றாரையும் எடுத்துக்கொள்ள, தம்பிக்கு மிஞ்சியது மண்டலின். அதிலும் எட்டுத் தந்திகளில் நான்கைக் கழற்றிவிடச் சொன்னார்களாம், சத்தம் கூடிவிடுமென்று! பதினாறு வயதில் தாயும் தந்தையும் இல்லாத பிள்ளையைத் தாய்மாமன் பென் வன்டிவர் தம்முடன் வைத்துக்கொண்டார். ஊர் நடனங்களில் மாமன் வயலின் வாசிக்க, மருமகன் துணை வாசித்தான். நிலக்கரிச் சுரங்கத்தில் உழைத்த ஆணல்ட் ஷுல்ஸ் என்ற கறுப்பினக் கலைஞருடனும் வாசித்தான். ஷுல்ஸின் வாசிப்பு ஒன்றேனும் இசைத்தட்டில் இல்லை. அவருக்குத் தாம் பட்ட கடனை மன்றோ மறைத்ததில்லை.

1945 இல் லெஸ்ரர் பிளற் கிற்றாருடன் வந்து சேர்ந்தார். அவ்வாண்டின் இறுதியில், இருபத்தொரு வயது ஏர்ள் ஸ்கிறக்ஸ் பான்ஜோவுடன் வந்தார். அதுவரை ஒப்ரி மேடையில் பகிடிக்காரரின் வாத்தியமாயிருந்த பான்ஜோ, அவரது மூன்று விரல்களில் வயலினோடு போட்டியிடும் வாத்தியமாயிற்று. 1946 செப்ரெம்பரில் இக்குழு சிக்காகோவில் செய்த ஒலிப்பதிவுகளே பின்வந்தோருக்குப் பாடப்புத்தகம்.

1948 இல் பிளற்றும் ஸ்கிறக்ஸும் விலகித் தனிக்குழு அமைத்தனர். அதே ஆண்டில் ஸ்ரான்லி சகோதரர்கள், மன்றோ பதிவுசெய்தும் இன்னும் வெளிவராதிருந்த ஒரு பாட்டை அவர் பாணியிலேயே பாடி இசைத்தட்டாக்கினர். கொலம்பியா நிறுவனம் அவர்களையும் ஒப்பந்தம் செய்தபோது, மன்றோ அந்நிறுவனத்தை விட்டே வெளியேறினார். தம்மைப் பின்பற்றுவதை அவர் களவாகவே கண்டார்.

நேயர்கள் கேட்கலாம்: மாமனிடமும் ஷுல்ஸிடமும் பெற்றவர் பிறர் பெறுவதைத் தடுக்கலாமா என்று. கேள்வி நியாயமானதே. எனினும், பலரைச் சேர்த்து, விலக்கி, மீண்டும் சேர்த்து, ஆண்டுக்கணக்கில் உருவாக்கிய ஓசையை அயலான் வானொலியில் கேட்பவனின் மனநிலை வேறு. அவரை முற்றாகக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை.

விசித்திரம் என்னவென்றால், 1954 இல் எல்விஸ் பிறெஸ்லி மன்றோவின் 'புளூ மூன் ஒஃப் கென்ரக்கி' பாட்டை வேகமாக்கிப் பாடியபோது, மன்றோ அதே ஆண்டில் அப்பாட்டை மறுபடி பதிவுசெய்தார். தொடக்கம் பழைய நடை, பிற்பகுதி வேக நடை!

ஐம்பதுகளிலே 'புளூகிறாஸ்' பொதுப்பெயராயிற்று. 1965 இல் வேர்ஜீனியாவின் பின்காசில் விழாவில் கார்ல்ரன் ஹேனி என்ற ஏற்பாட்டாளர், மன்றோவிடம் பணியாற்றிப் பிரிந்தவர்களை ஒவ்வொருவராக மேடையேற்றி அவரோடு வாசிக்க வைத்தார். அக்குழுவில் இருந்து சென்றோர் தொகை நூற்றைத் தாண்டும். அதன்பின் அவர் 'தந்தை' என்ற பட்டத்தை விரும்பியே ஏற்று, 1996 இல் மறையும்வரை சுமந்தார்.

பிளற்றுடன் மட்டும் பேச்சு இருக்கவில்லை. 1971 இல் இந்தியானா மாநிலத்து பீன் புளொசம் விழாவிலே, இருபத்துமூன்று ஆண்டுகளின் பின், மன்றோ மேடையிலே அவருக்குக் கை கொடுத்தார்.