பாடு

‘படு’ என்னும் வினையின் முதலெழுத்து நீண்டு பிறந்த பெயர் ‘பாடு’. விழுதல், அகப்படுதல், நேர்தல், அனுபவித்தல் எனப் படுதலுக்குப் பொருள் பல. கதிரவன் சாயும் பொழுது எற்பாடு. கடலூர்க் கரையில் வலையில் அகப்பட்டது மீன்பாடு. உழைத்துப் பிழைப்பவர் பாட்டாளி. பழைய இலக்கியத்தில் பெருமை என்றும் பொருள் உண்டு. கிறிஸ்தவத் தமிழ் இயேசுவின் துன்பங்களைப் ‘பாடுகள்’ என்றது. எவ்வளவு பொருத்தமான தேர்வு! துன்பம், உழைப்பு, மாண்பு மூன்றும் இதில் ஒலிக்கின்றன.

பாடு சகிப்பதும் கீழ்ப்படிவதும் விசுவாசியின் கடமை என்று பிரசங்கம் கேட்கிறோம். யாருக்குக் கீழ்ப்படிவது? சபைக்குள் சாதியைப் பொறுத்துக்கொண்ட லைப்சிக் மிஷனுக்கு அதன் மிஷனரி கார்ல் ஓக்ஸ் கீழ்ப்படியவில்லை. பிரிந்து வந்து, 1860களில் மேல்பட்டாம்பாக்கத்தில் பெத்தானியா நிலையத்தை அமைத்தார். பின்னர் டேனிஷ் மிஷன் அதை ஏற்றது. இன்றைய ஆற்காடு லுத்தரன் திருச்சபையின் தொடக்கம் அதுவே.

நீதிக்காக ஒருவர் தாமே ஏற்பது பாடு. சாதியின் பெயரால் பிறர்மேல் சுமத்துவது கொடுமை. அதைப் பாடு என்று போதிக்காதீர்கள்.