இரு கட்சிக்கும் ஆசான்

ஆட்ட நாளன்று கல்கத்தாவில் ஒரு வீடு எந்தக் கட்சி என்பதை அவ்வீட்டு அடுக்களையே சொல்லிவிடும். ஈஸ்ட் பெங்கால் வென்றால் இலிஷ் மீன். மோகன் பகான் வென்றால் இறால். இடையில் வந்து குடியேறிய தமிழர்களாகிய நாமும் மெல்ல மெல்ல ஏதேனும் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டோம். சைவக் குடும்பங்களும் இதற்கு விலக்கல்ல! இவ்விரு கட்சிகளும் மாறி மாறி அழைத்து ஆசானாக ஏற்ற ஒருவரின் வரலாற்றை இங்கே காண்போம்.

பிரதீப்குமார் பானர்ஜி 1936-இல் ஜல்பாய்குரியில் பிறந்து, ஜாம்ஷெட்பூரில் வளர்ந்தவர். 1954-இல் கல்கத்தா வந்து ஆரியன் கழகத்தில் ஆடினார். மறு ஆண்டே ஈஸ்டர்ன் ரயில்வே அணியில் சேர்ந்தார். பெரிய கழகங்கள் இருக்க, ரயில்வே ஏன்? அக்காலத்தில் பந்தாட்டம் புகழ் தந்ததேயன்றி அரிசி தரவில்லை. மாதச் சம்பளத்தின் அருமையறிந்த நம் காலனியினருக்கு இதை விரித்துரைக்க வேண்டியதில்லை. அவரோ அந்தச் சிறிய அணியைக்கொண்டே 1958-இல் கல்கத்தா லீக் பட்டத்தை வென்று காட்டினார். பெரிய கழகங்களைத் தாண்டி மற்றோர் அணி அப்பட்டத்தை வெல்ல அதன்பின் 61 ஆண்டுகள் ஆயின.

1956-இல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பெற்ற இந்திய அணியில் அவர் இருந்தார். 1960-இல் ரோமில் தலைவராக நின்று பிரான்ஸுக்கு எதிராகக் கோல் அடித்தார். 1962-இல் ஜகார்த்தாவில் தென் கொரியாவை 2–1 என வென்று தங்கம் கொணர்ந்தபோது ஒரு கோல் அவருடையது. மற்றொன்று ஜர்னைல் சிங்குடையது. அன்று கோல் காத்தவர், வெலிங்டன் மதராஸ் படை மையத்தில் ஆடிப் பெயர் பெற்ற பீட்டர் தங்கராஜ் என்பதில் நமக்கொரு தனி மகிழ்ச்சி.

அவ்வணியின் பயிற்சியாளர் ஹைதராபாத்துப் பள்ளி ஆசிரியர் சையது அப்துல் ரஹீம். தலையில் தையலிட்ட காவல் ஆட்டக்காரரான ஜர்னைலை முன்வரிசையில் நிறுத்திக் கோல் அடிக்கச் செய்தவர் அவரே. ஆள் அறிந்து வேலை வாங்கும் அவ்வித்தையைப் பி. கே. அங்கேதான் கற்றார் என நாம் கருதுகிறோம்.

1967-இல் ஆட்டத்தை விட்டார். 1972-இல் ஈஸ்ட் பெங்காலின் பயிற்சியாளரானார். அவ்வாண்டு லீக்கில் அவ்வணி ஒரு கோல்கூட வாங்கவில்லை. 1975 ஐ.எஃப்.ஏ. கேடய இறுதியாட்டத்தில் மோகன் பகானை 5–0 என நொறுக்கியது. தோற்ற கட்சி என்ன செய்தது? மறு ஆண்டே அவரைத் தன் பக்கம் அழைத்துக்கொண்டது! 1977-இல் பெலே ஆடிய நியூயார்க் காஸ்மோஸ் அணியுடன் ஈடன் தோட்டத்தில் 2–2 எனச் சமன் செய்ததும், அவ்வாண்டிலேயே ஐ.எஃப்.ஏ. கேடயம், டூராண்ட், ரோவர்ஸ் மூன்றையும் வென்றதும் அவர் பயிற்றிய மோகன் பகானே.

அவருடைய கருவி நாவன்மை. ஆட்டத்துக்கு முன் அவர் பேசும் பேச்சுக்கு ‘வோக்கல் டானிக்’ என்றே பெயர் வழங்கியது. 1997 ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதியில் அவர் மீண்டும் ஈஸ்ட் பெங்கால் பக்கம். மோகன் பகானின் அமல் தத்தா, எதிரணி பாய்ச்சுங் பூட்டியாவைச் ‘சுங் சுங்’ என்றும், ஓமோலோவை ‘ஆம்லெட்’ என்றும் எள்ளினார். பி. கே. பதில் ஏதும் அளிக்காமல், அந்தக் கேலியையே தம் பிள்ளைகளின் நெஞ்சில் ஏற்றினார். சால்ட் லேக் அரங்கில் 1,30,000 பேருக்கு மேல் திரண்டிருக்க, ஈஸ்ட் பெங்கால் 4–1 என வென்றது. மூன்று கோல்கள் பாய்ச்சுங்குடையவை.

ஒரு குறையும் உண்டு. 1970-இல் பாஷாவுடன் சேர்ந்து அவர் பயிற்றிய அணி பாங்காக்கில் பெற்ற வெண்கலத்துக்குப் பின், ஆசிய விளையாட்டில் நம் கால்பந்து அணி பதக்கமே காணவில்லை. கழகங்களுக்குப் பலித்த டானிக் நாட்டுக்குப் போதவில்லை போலும்.

2020 மார்ச் 20-இல் அவர் மறைந்தபோது, அவர் எந்தக் கட்சி என்று நம் வீட்டுப் பிள்ளைகள் கேட்டனர். இரண்டும் என்றோம். அவர்கள் நம்பவில்லை.